வைரஸ் வயிற்றுப்போக்கு

குடலின் உட்சுவரைத் தாக்கும் வைரஸ்களால் திடீரென வரும் வாந்தி, நீர்த்த கழிச்சல், வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியவற்றின் கூட்டு நோய். பேச்சு வழக்கில் வாந்திபேதி, வயிற்றோட்டம், பேதி. இரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதி இதிலிருந்து வேறு. அது பெரும்பாலும் பாக்டீரியாவாலோ அமீபாவாலோ வருவது. வைரஸ் வகைக்கு ரோட்டா, நோரோ, ஆஸ்ட்ரோ, சாப்போ வைரஸ்களும் அடினோ வைரஸின் 40, 41 இனங்களும் முக்கியக் காரணிகள். ரோட்டா குழந்தைகளைத் தேடி வருவது. நோரோ வயது பார்ப்பதில்லை. பலர் ஒரே சமையலில் உண்டு ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் இடமெல்லாம் அதற்கு உகந்த இடம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையை ஒட்டி, விடுதிகளும் வாடகை அறைகளும் தொழிற்சாலை உணவுக்கூடங்களுமாக அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு.

பெயரில்லாத நோய்

பழைய தலைமுறைக்கு வாந்திபேதி என்றால் காலரா. அதன் கிருமியை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். சென்னை மாகாணத்தில் 1899இல் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் அமைந்தது. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஆனால் பேதியால் துவண்டு வந்த குழந்தைகளில் பாதிப் பேரின் மலத்தில் அறிந்த கிருமி எதுவும் அகப்படவில்லை. வீட்டில் 'பல் முளைக்கிறது', 'தோஷம் பட்டிருக்கிறது' என்றார்கள். மருத்துவமனைக் குறிப்பேட்டிலும் காரணம் வெற்றிடமாகவே இருந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது எலக்ட்ரான் நுண்ணோக்கி. 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் நார்வாக் நகரப் பள்ளியொன்றில் மாணவரும் ஆசிரியரும் கூட்டமாக வாந்தியெடுத்தார்கள். அப்போது சேமித்த மல மாதிரிகளிலிருந்து 1972இல் ஆல்பர்ட் கபிகியன் ஒரு சிறு வைரஸைக் கண்டெடுத்தார். நோரோ என்னும் பெயர் அந்த ஊரின் நினைவு. அடுத்த ஆண்டு மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர், பேதியுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் சக்கரம் போன்ற துகள்களைப் பார்த்தனர். லத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம். பெயர் சூட்டியவர் பர்மிங்காமின் தாமஸ் ஃப்ளூவெட்.

தமிழ்நாடு இந்த வரலாற்றில் பிந்தி வரவில்லை. மெல்போர்ன் குழுவின் இயன் ஹோம்ஸுடன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மின்னி மாத்தன், செல்வின் பேக்கர் முதலியோர் சேர்ந்து, இந்தியக் குழந்தைகளிடம் இதே வைரஸைக் கண்டதை 1974இலேயே லான்செட் இதழில் எழுதிவிட்டனர்.

வேலூரின் 452 குழந்தைகள்

தமிழ்நாட்டிலிருந்து இத்துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை ஒரு பொறுமையான ஆய்வு என்பது என் கருத்து. 2002 முதல் வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளை அதே கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் சேர்த்து, மூன்று வயது வரை தொடர்ந்தனர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு தேடிச் சென்றார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்தார்கள். ஆறு மாதம் நிறைவதற்குள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ரோட்டா தொற்றியிருந்தது. மெக்சிகோவில் இதே வகை ஆய்வில், இருமுறை தொற்றிய குழந்தைக்குக் கடும் நோய் பிறகு வரவே இல்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பின்னும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். 2011இல் இது வெளியானபோது, ரோட்டாவுக்கான வாய்வழிச் சொட்டு மருந்து ஏழை நாடுகளில் ஏன் குறைவாகப் பலிக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பெரிய துப்பு கிடைத்தது.

அந்தச் சொட்டு மருந்தின் கதையும் பச்சிளங்குழந்தைகள் அறையொன்றில் தொடங்குகிறது. 1980களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சில பச்சிளங்குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியும் பேதி வரவில்லை. அங்கிருந்த மருத்துவர் மகராஜ் கிஷன் பான் அதைக் கவனித்து, 116ஈ என்ற அந்த இனத்தைப் பிரித்தெடுத்தார். மாட்டு வைரஸின் ஒரு மரபணு இயல்பாகவே கலந்திருந்த மனித வைரஸ் அது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் அதை ரோட்டாவேக் ஆக்கியது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை அது ஏறத்தாழ 56 விழுக்காடு தடுத்தது. 56 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆண்டுக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் குழந்தைகள் ரோட்டாவால் இறந்துகொண்டிருந்ததாகக் கணித்த காலம் அது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் 2017இல் தமிழ்நாட்டிலும் இம்மருந்து நுழைந்தது. பிறந்து 6, 10, 14ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருக்கும் குடும்பத்தின் குழந்தைக்கும் இது உரிமை; செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயர் ஏறவேண்டும், அவ்வளவே.

கண்டறிதல்

எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லா ஊருக்கும் வராது. ரோட்டாவுக்கு எலைசா சோதனையும், பிறகு அட்டையில் கோடு காட்டும் விரைவுச் சோதனையும் வந்தன. ரோட்டாவின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருப்பதால், அவற்றை ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் பிரித்து இனம் காண்பதும் ஆய்வகங்களில் நெடுநாள் வழக்கம். நோரோவுக்கு நம்பகமானது பி.சி.ஆர். மனித நோரோவை ஆய்வகத்தில் நம்பகமாக வளர்க்க 2016 வரை முடியவில்லை. அந்த ஆண்டில் ஹூஸ்டனின் மேரி எஸ்டெஸ் குழுவினர் மனிதக் குடல் செல்களால் ஆன சிற்றுறுப்பில் அதை வளர்த்துக் காட்டினர்.

ஒரு நோயாளிக்கு மருத்துவம் செய்ய வைரஸின் பெயர் பெரும்பாலும் தேவையில்லை. கூட்டமாகப் பலர் விழும்போது தேவை. 2021 நவம்பரில் வயநாட்டின் பூக்கோடு கால்நடைக் கல்லூரியில் மாணவர்களுக்கு வாந்தி வந்தபோது, கேரளம் மாதிரிகளை ஆலப்புழை வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பி, 13 பேருக்கு நோரோ என்று அறிவித்தது. அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் 250க்கு மேற்பட்டோர் நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. அது உணவு நஞ்சாதல் என்றே பதிவாயிற்று. இந்தச் சொல் ஒரு காரணத்தைச் சொல்வதாகத் தோன்றினாலும் கிருமியைச் சொல்வதில்லை. சோற்றில் ஊறிய பாக்டீரியா நஞ்சென்றால் அன்றைய சமையலோடு கதை முடியும். நோரோ என்றால், மறுநாள் புதிதாகச் சமைத்தாலும் அதே கை, அதே குழாய்த் திருகு, அதே கதவுப் பிடி வழியாகத் தொடரும்.

ஆய்வகம் எட்டாத இடத்திலும் ஓரளவு பிரித்தறியலாம். நோரோ கூட்டுத்தொற்றை இனங்காண 1982இல் கப்லன் வகுத்த அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: பாதிக்கு மேற்பட்டவருக்கு வாந்தி, உண்டதிலிருந்து அல்லது நோயாளியுடன் பழகியதிலிருந்து 24 முதல் 48 மணி நேரத்தில் தொடக்கம், 12 முதல் 60 மணி நேரத்தில் தணிவு, மலத்தில் நோய்தரும் பாக்டீரியா இல்லை. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வாந்தி வந்தால் அது பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சு. யார் எப்போது என்ன சாப்பிட்டார், எப்போது முதல் வாந்தி என்று விடுதிக் காப்பாளர் அன்றே ஒரு நோட்டில் எழுதினால், பாதிக் கண்டறிதல் முடிந்தது. குளுக்கோஸ் ஏற்றும் அவசரத்தில் நாலைந்து பேரின் மல மாதிரியை எடுத்துக் குளிரில் வைக்க மறந்துவிடுவதுதான் பெரிய இழப்பு.

மருத்துவமும் தடுப்பும்

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை; ஆன்டிபயாடிக் இதற்குப் பலிக்காது. உயிரைப் பறிப்பது நீர்ச்சத்து இழப்பு. வைரஸ் குடல் விரல்களின் நுனியை அரித்தாலும், குளுக்கோஸுடன் உப்பை உள்ளிழுக்கும் வழி பெருமளவு தப்பியிருக்கும். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அந்த வழியில்தான். 1971இல் வங்கதேச அகதிகளின் பன்காவ் முகாமில் திலீப் மஹாலனாபிஸ் இதை ஆயிரக்கணக்கானவர்களிடம் காட்டினார். பாக்கெட் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை.

நோரோவுக்கு இன்னும் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வரவில்லை. இருபதுக்கும் குறைந்த துகள்கள் தொற்றப் போதும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதற்குக் கொழுப்புறை கிடையாது என்பதால் சானிடைசர் நன்றாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராத விடுதியில் சானிடைசர் புட்டி மாட்டுவது தடுப்பு ஆகாது. வாந்தி விழுந்த தரையை வெறும் துடைப்பத்தால் தள்ளக்கூடாது. கையுறையுடன் துணியால் அள்ளியெடுத்த பின், லிட்டர் நீருக்கு 3 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து நனைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவவேண்டும். அழுக்கு மிகுந்த இடத்துக்கு ஐந்து மடங்கு. டேங்கர் லாரித் தண்ணீர் நிரம்பும் சம்பில் எஞ்சிய குளோரினைக் குளோரோஸ்கோப் கொண்டு தினமும் பார்க்கவேண்டும்.

சமையற்காரருக்கு வாந்தியோ பேதியோ வந்தால், நின்றபின்னும் 48 மணி நேரம் அவர் அடுப்படிக்கு வரக்கூடாது. அந்த இரண்டு நாள் கூலியைப் பிடிக்காமல் கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம்தான் அவர் தன் நோயை வாய்விட்டுச் சொல்வார்.