ஆறு துடுப்பும் ஒரு மிதவையும்

ஒரு கழகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் தலைவர், செயலாளர் பெயர்களையும் வென்றெடுத்த கிண்ணங்களையும் வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அது யாருக்காகத் தொடங்கப்பட்டது, யார் அதன் வாசலுக்கு வெளியே நின்றனர் என்ற கேள்விகள் எழுப்பப்படுவதில்லை. ஆசிரிய கலாசாலையில் நாங்கள் பயின்ற சரித்திரமும் அரசர்களின் பட்டியலாகவே இருந்தது. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளின் தோணிக் கழகங்களைப் பற்றித் தேடி வாசித்தபோதோ, வாசலுக்கு வெளியே நின்றவர்கள் அந்த வரலாற்றில் பெரும்பங்கு வகித்திருப்பதைக் கண்டேன். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

முதலில் தோணியைப் பார்ப்போம். நீர்கொழும்பிலோ வெலிகமையிலோ சிங்கள மீனவர்களின் 'ஒருவ'வைக் கண்டவர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ஒடுங்கிய உடல். அதன் ஒரு பக்கத்தில், வளைந்த இரு கழிகளால் பிணைக்கப்பட்டு, நீரைத் தொட்டபடி வரும் மிதவைக் கட்டை. நமது 'கட்டுமரம்' ஆங்கிலத்திலே 'கட்டமரன்' ஆகி, இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று. பிரித்தானியர் காலத்தில் இங்குள்ள ஒருவவுக்கும் அந்தப் பெயரே சூட்டப்பட்டது. ஆனால், ஒருவவின் உறவு தென்கிழக்காசியாவிலிருந்து பரந்து சென்ற ஆஸ்திரோனேசியக் கடலோடிகளின் தோணிகளோடுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே கடலோடிகளின் வழிவந்தோரே ஹவாயையும் சென்றடைந்தனர். அங்கே தோணி 'வஅ' எனவும், மிதவை 'அமா' எனவும், கழிகள் 'இயாகோ' எனவும் அழைக்கப்படுகின்றன.

பந்தயத் தோணியில் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக அமர்வர். அணியத்தில் இருப்பவரே வேகத்தைத் தீர்மானிக்கிறார். அடுத்தவர் மறுபக்கத்தில் வலித்து அவரோடு தாளம் சேர்கிறார். பன்னிரண்டு முதல் பதினாறு வலிப்புக்கு ஒரு தடவை உள்ளிருந்து ஒரு குரல் எழ, எல்லோரும் ஒரே கணத்தில் துடுப்பைப் பக்கம் மாற்றுவர். நடுவில் இருப்போர் பலசாலிகள். ஆறாமவர் துடுப்பாலேயே திசை திருப்புவார். மிதவை இடப்பக்கம் இருப்பதால், யாராவது வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்தால் மிதவை மேலெழும்பித் தோணி கவிழும். எவ்வளவு பலசாலியாயினும் தாளம் தப்பினால் அவர் தோணிக்குச் சுமைதான். தனியொருவரின் திறமை எடுபடாத விளையாட்டு இது.

இப்படிப்பட்ட ஒரு கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் நலிந்து கிடந்தது. வெளியாரோடு வந்த நோய்களால் ஹவாய் மக்களின் தொகை பெருமளவு குறைந்துபோயிருந்தது. 1820இல் வந்திறங்கிய மிஷனரிமார் அம்மக்களின் பழைய ஆடல்களையும் விளையாட்டுகளையும் நல்ல கண்கொண்டு பார்க்கவில்லை. கலாகௌவா மன்னர் அவற்றுக்குப் புத்துயிரளிக்க முயன்றார். ஆனால், 1893இல் அவரது சகோதரி லிலியுவோகலானி அரியணையிலிருந்து அகற்றப்பட்டார். 1898இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1901இல் வைக்கீக்கி கடற்கரையில் மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. கரை ஹோட்டல்களுக்கும் தனவந்தரின் வீடுகளுக்கும் உரியதாக மாற, தோணியை ஏற்றி வைக்கவே இடமில்லாத நிலை உருவாகத் தொடங்கியது.

1907இல் அங்கு வந்த அலெக்சாண்டர் ஹியூம் ஃபோர்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அலைச்சறுக்கில் மோகம் கொண்டார். அவரது முயற்சியால் 1908 மே 1ஆம் திகதி 'அவுட்ரிகர் கெனூ கிளப்' தோன்றியது. மோவானா ஹோட்டலின் அருகே குத்தகைக்குப் பெற்ற நிலத்தில், தோணிகளையும் பலகைகளையும் வைக்கக் கொட்டில்களும் உடை மாற்ற இடமும் அமைந்தன. வசதி குறைந்த சிறுவர்களுக்கும் கடலில் இறங்க ஒரு வாசல் வேண்டும் என்பதே தமது நோக்கமென ஃபோர்ட் கூறிவந்தார். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. எனினும் அங்கத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையராகவே இருந்தனர். நகரத்தின் வர்த்தகப் பிரமுகர்கள் கூடுமிடமாகவும் அது வளர்ந்தது. ஹவாய் மக்களின் தோணியைப் பெயரிலே தாங்கிய கழகத்தில் ஹவாய் மக்கள் மிகச் சிலரே.

அந்த மக்களின் பிள்ளைகளோ அதே கரையில் ஒரு ஹாவ் மரத்தின் கீழே கூடிக்கொண்டிருந்தனர். ஹாவ், நமது பூவரசுக்கு உறவான மரம். 1911இல் அவர்கள் 'ஹுயி நாலு' என்ற பெயரில் முறைப்படி ஒரு கழகமாயினர். 'அலைக் கூட்டம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மரநிழலே அவர்களது மண்டபம். அதை அமைத்தோரில் ஒருவர் டியூக் கஹானமோக்கு என்ற இளைஞர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் ஹொனலூலு துறைமுக நீரில் அவர் 100 யார் தூரத்தை 55.4 விநாடியில் நீந்தினார். அப்போதைய சாதனையைவிட அது நான்கு விநாடிக்கு மேல் குறைவு. அமெரிக்காவின் விளையாட்டு அதிகாரிகள் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். மறு வருடமே, 1912இல், ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார்.

இரு கழகங்களும் அருகருகே இருந்து போட்டியிட்டன. ஒன்றிடம் நிலமும் கட்டடமும் செல்வாக்கும் இருந்தன. மற்றதிடம் கடலைப் பற்றிய பரம்பரை அறிவு இருந்தது. போட்டி இருந்தபடியால் தோணிக்கும் தேவை இருந்தது. தோணிக்குத் தேவை இருந்தபடியால் அதனைச் செதுக்கும் கையும் மறைந்துபோகவில்லை. 1917இல் டியூக் கஹானமோக்குவே அவுட்ரிகர் கழகத்தில் சேர்ந்தார். அவரது பெயரால் அக்கழகமும் உயர்ந்தது. கதவு திறந்ததால் கெட்டவர் எவருமில்லை.

அடுத்த அத்தியாயம் கடற்கால்வாயில் எழுதப்பட்டது. 1950இல் ஹவாய்த் தோணிப் பந்தயச் சங்கம் உருவானது. 1952இல், டூட்ஸ் மின்வியெல் என்பவரின் பல வருட முயற்சியால், மொலொக்காய்த் தீவிலிருந்து ஒவாஹு வரை முதலாவது பந்தயம் நடந்தது. பங்குபற்றியவை மூன்றே மூன்று தோணிகள். வென்றவர்கள் ஹொனலூலு நகரத்தார் அல்லர், மொலொக்காய்த் தீவினர். எடுத்த நேரம் ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம். 'மொலொக்காய் ஹோயே' எனப்படும் அந்தப் பந்தயத்தின் தூரம் சுமார் 41 மைல். ஒன்பது பேர் கொண்ட குழு முறை வைத்து வலிக்கும். களைத்தவர் ஓடும் தோணியிலிருந்தே கடலில் குதிக்க, நீரில் காத்திருப்பவர் எட்டிப் பிடித்து ஏறுவார். பெண்களால் அந்தக் கால்வாயைக் கடக்க முடியாது என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. 1975இல் பெண்கள் கடந்து காட்டினர். 1979இல் அவர்களுக்கெனத் தனிப் பந்தயமே ஆரம்பமானது. இங்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான் வரலாற்றை நகர்த்தியிருக்கிறார்கள்.

மரத்துக்கும் ஒரு கதை உண்டு. மரபுவழிப் பந்தயத் தோணி, ஹவாயில் மட்டும் வளரும் கோவா மரத்தில் செய்யப்படுவது. பந்தய விதிப்படி அதன் எடை 400 இறாத்தலுக்குக் குறையக் கூடாது. ஆகவே அதனை நீருக்குக் கொண்டு போகவே பல கைகள் வேண்டும். 1933இல் ஜேம்ஸ் டக்கேயோ யமசாக்கி என்ற ஜப்பானிய வம்சாவளிக் கைவினைஞர் செதுக்கிய 'மாலியா' என்ற கோவாத் தோணியிலிருந்து பின்னர் அச்செடுத்து, கண்ணாடி இழையில் தோணிகள் வார்க்கப்பட்டன. கலிபோர்னியாக் கரையில் இந்த விளையாட்டுப் பரவ அவை உதவின. புலம்பெயர்ந்து வந்த ஒரு சமூகத்தவரின் உளியும் அம்மரபைக் காத்திருக்கிறது என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் என்னை அதிகம் கவர்ந்தது அக்கழகங்களின் நிர்வாக முறையே. கோடைக்காலத்தில் ஒரே நாளில் நாற்பது வரையான பந்தயங்கள் நடைபெறும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர், முதன்முறையாகத் துடுப்புப் பிடிப்போர், நாற்பதைத் தாண்டியோர், அறுபதைத் தாண்டியோர், ஆணும் பெண்ணும் கலந்த அணி என ஒவ்வொரு வகுப்புக்கும் இடமுண்டு. ஒவ்வொரு பந்தயத்தின் புள்ளியும் கழகத்தின் மொத்தக் கணக்கில் சேரும். ஆகவே, ஆறு வீரர்களை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒரு கழகம் முதலிடம் பெற முடியாது. பாட்டனையும் பேரனையும் கரைக்கு அழைத்து வந்தாக வேண்டும். வெற்றிக்கே அது நிபந்தனையாகிவிடுகிறது. நல்ல மனம் படைத்த தலைவர் மாறிப் போனாலும் விதி மாறாமல் நிற்கும்.

நமது கரையோர ஊர்களில் கழகங்களுக்குக் குறைவில்லை. பெயர்ப்பலகை இருக்கும், பதிவிலக்கம் இருக்கும், பதினொரு விளையாட்டு வீரரும் இருப்பர். அந்தப் பதினொருவர் தொழில் தேடிப் போனதும் பலகை மாத்திரம் மிஞ்சும். என் வகுப்பில் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் பத்து வயதிலேயே களப்பில் தோணி வலிப்பவர்கள். காற்றைப் பார்த்துத் திசை சொல்வார்கள். பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியில் அந்தத் திறமைக்கு ஒரு நிகழ்ச்சியும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை. ஓட்டத்தில் பின்தங்கியவர்கள் என்றே அவர்கள் வீடு திரும்புகிறார்கள். வைக்கீக்கி ஹாவ் மரத்தின் கீழிருந்த பிள்ளைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இவர்களின் முகங்களே என் கண்முன் வருகின்றன.

1968 ஜனவரியில் டியூக் கஹானமோக்கு காலமானபோது, அவரது சாம்பலை வைக்கீக்கி கடலுக்குச் சுமந்து சென்றவை மிதவைத் தோணிகளே. ஹுயி நாலு கழகம் இன்றும் இயங்குகிறது. அவுட்ரிகர் கழகமும் வேறொரு கரையிடத்தில் இயங்குகிறது. நூறு வருடங்களைத் தாண்டி அவை நிலைத்திருப்பதற்குக் கோவா மரத்தின் உறுதி மாத்திரம் காரணமல்ல. வெளியே நின்றவனுக்குத் தோணியில் ஓர் இருக்கை கிடைத்ததும், அந்த இருக்கை விதியாக எழுதப்பட்டதுமே காரணம். நம் ஊர்களிலும் அடுத்த கழகத்துக்கு யாப்பு எழுத அமர்வோர், தலைவர் யார் என்ற வரிக்கு முன்னதாக அந்த வரியை எழுதிக்கொள்வது நல்லது.