தொழுநோய் இல்லங்களின் மதிலும் திருச்சபையும்: ஒரு வரலாற்று நோக்கு

தென்னிந்தியத் திருச்சபைகளின் மருத்துவப் பணியை எழுதுவோர் தொழுநோய் இல்லங்களைப் பெருமையோடு குறிப்பிடுவது வழக்கம். அப்பெருமை பொய்யானதன்று. உற்றாரும் ஊராரும் ஒதுக்கியவர்களுக்கு உணவும் கூரையும் அளிக்கப் பிறர் தயங்கிய நாளில் மிஷன் இல்லங்கள் முன்வந்தன. ஆனால் அவ்வில்லங்கள் மதில் சூழ்ந்தவை. அம்மதில் யாரைக் காத்தது, யாரை விலக்கிற்று என்ற வினாவைச் சமூக ஆய்வாளர் எழுப்பிய அளவுக்கு இறையியல் கற்கும் நாம் எழுப்பியதில்லை. அவ்வினாவை இங்கு வரலாற்று வழியில் அணுக முற்படுகிறோம்.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க் கிருமியை 1873-இல் கண்டறிந்தார். பஞ்சாபின் அம்பாலாவில் இந்நோயாளரைச் சந்தித்து மனம் உருகிய வெல்லெஸ்லி பெய்லி, அதற்கடுத்த ஆண்டில் டப்ளினில் தொழுநோயாளருக்கான மிஷனைத் தொடங்கினார். இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. இரக்கம் பெருகிய அதே காலத்தில் அச்சமும் பெருகிற்று. மொலொக்காய்த் தீவில் நோயாளரிடையே பணியாற்றிய தமியான் அடிகள் அந்நோயாலேயே 1889-இல் மரித்தபோது, அது பேரரசெங்கும் பரவிவிடும் என்ற கலக்கம் இங்கிலாந்தில் எழுந்தது. அதன் விளைவாக 1890-91-இல் ஓர் ஆய்வுக்குழு இந்தியாவுக்கு வந்தது. நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, கட்டாயத் தனிமைப்படுத்தல் தேவையில்லை என்பதே அக்குழுவின் முடிவு.

அம்முடிவைக் கையில் வைத்துக்கொண்டே அரசு 1898-இல் தொழுநோயாளர் சட்டத்தை இயற்றிற்று. முந்திய ஆண்டில் பெர்லினில் கூடிய மருத்துவ மாநாடு தனிமைப்படுத்தலை ஆதரித்திருந்தது ஒரு காரணம். சட்டத்தின் உள்ளடக்கமே நமக்கு முக்கியமானது. பிச்சை எடுக்கும் நோயாளரைக் காவலர் ஆணையின்றிப் பிடித்து இல்லத்தில் அடைக்கலாம்; வீடும் நிலமும் உடைய நோயாளி தன் வீட்டிலேயே இருக்கலாம். கிருமிக்கு ஏழை செல்வன் என்ற வேறுபாடு இல்லை, சட்டத்துக்கு இருந்தது. சட்டம் அஞ்சியது நோய்க்கு அன்று, நோயுற்ற ஏழை தெருவில் காணப்படுவதற்கே என்று சொன்னால் மிகையாகாது.

மிஷன் இல்லங்களுக்குப் பெரும்பாலோர் தாமாகவே வந்தனர். வந்தவர்களை ஆண் பெண் எனப் பிரித்து வைப்பது ஒழுங்காயிற்று. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தாலும் அவ்வாறே. நோயற்ற பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து வேறு விடுதியில் வளர்த்தனர். பிள்ளைகளைக் காப்பதே நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தன் குழந்தையைத் தொட இயலாத தாயின் நிலை ஆண்டறிக்கைகளில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. அதை வாசிக்கும் வரலாற்று மாணவர் அச்சொல்லில் சற்று நிற்க வேண்டும். நோயாளர் வாய்மூடி அடங்கியிருந்தனர் என்றும் எண்ணலாகாது. தென்னிந்தியத் தொழுநோய் வரலாற்றை ஆராய்ந்து ஜேன் பக்கிங்காம் 2002-இல் வெளியிட்ட நூல், சென்னை மாகாணத்து நோயாளர் இல்லங்களை விட்டுச் சென்றதையும், திரும்பி வந்ததையும், தம் தேவைக்கு ஏற்ப அதிகாரிகளிடம் வாதாடியதையும் எடுத்துக்காட்டுகிறது.

மேல்நாட்டு ஆய்வாளர் சக்கரி கஸ்ஸோ கூறும் கருத்து நம்மைத் தைக்கக்கூடியது. தொழுநோயின் மேலுள்ள இழிவு பழங்காலத்திலிருந்து இடையறாது வந்ததன்று. பேரரசுக் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. நன்கொடை வேண்டி மிஷன்கள் தீட்டிய விவிலியச் சாயல் கொண்ட சித்திரங்களுக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் வாதம். இதை முழுவதும் ஏற்க நம்மால் இயலவில்லை. மிஷனரிகள் வருமுன்னரே இந்நாட்டில் கடும் தொழுநோய் உடையவன் சொத்துரிமை இழந்தான். அத்தடையை நீக்க 1928-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆயினும் இருந்த இழிவுக்கு நாம் மறைநூலின் ஒப்புதலைச் சேர்த்தோம் என்ற அளவில் கஸ்ஸோவின் குற்றச்சாட்டு நிலைக்கும்.

இங்குதான் மொழிபெயர்ப்புப் பற்றிய கேள்வி எழுகிறது. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் எபிரெய மூலம் ‘ட்சாரஅத்’ என்கிறது. அது மனிதர் தோலில் மட்டுமின்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுவது. ஆடையிலும் சுவரிலும் தோன்றுவது ஹான்சன் கண்ட நோயாக இருத்தல் கூடாது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதை ‘லெப்ரா’ என்றனர். அதுவும் அக்காலத்தில் செதில் படியும் தோல் நோய்களுக்கு வழங்கிய பெயரே. நம் பழைய தமிழ் வேதாகமம் ‘குஷ்டரோகம்’ என்றது. ஆயுர்வேத நூல்களில் ‘குஷ்டம்’ என்பது பதினெட்டு வகைத் தோல் நோய்களுக்குப் பொதுப்பெயர். ஆகவே பொருட்பரப்பில் அச்சொல் மூலத்துக்கு அவ்வளவு தூரமானதன்று. வழக்கில்தான் அது வசைச் சொல்லாயிற்று. அதனால் 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தொழுநோய்’ என்ற மதிப்புள்ள சொல்லை எடுத்தது. ஆனால் தொழுநோய் என்பது இன்று ஒரே ஒரு நோயின் மருத்துவப் பெயர். கனிவு கருதிச் செய்த மாற்றம், லேவியராகமத்தின் தீட்டு முழுவதையும் அந்த ஒரு நோயாளியின் தலைமேல் நேராக ஏற்றிவிட்டது! நோயாளரைச் சுட்டும் இழிபெயரைக் கைவிட வேண்டும் என்று 1948-இல் ஹவானாவில் கூடிய தொழுநோய் மாநாடு தீர்மானித்தது. பெயரை மாற்றுவதால் மட்டும் இச்சிக்கல் தீராது. அப்பகுதியை ஆலயத்தில் வாசிக்கும் ஆயர், அது எந்நோய் அன்று என்பதை ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டுத் தொடங்குவது நலம் என்பது நம் கருத்து. தொழுநோய் தீர்ந்த ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

மருந்து வந்த கதையைச் சுருங்கச் சொல்வோம். லூசியானாவின் கார்வில் மருத்துவமனையில் 1941-இல் புரோமின் பயன்பட்டது. பின்னர் விலை மலிந்த டாப்சோன் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நம் மண்ணில் நிகழ்ந்தது வேறொரு கண்டுபிடிப்பு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் சேர்ந்த பால் பிராண்ட், ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்றுச் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைக் காணச் சென்றார். மடங்கிப்போன கையுடைய ஒரு நோயாளியோடு கைகுலுக்கியபோது அப்பிடியின் வலிமை அவரை வியக்கச் செய்தது. தசைகள் சில நன்றாகவே இருக்கின்றன என்றால், அவற்றின் நாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தலாமே என்று எண்ணினார், அவ்வாறே செய்தார். விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமையால் காயப்பட்டுக் குறைகின்றன என்பதையும் அவர் நிறுவினார். இரவில் எலி கடிப்பதுகூட உறங்குபவருக்குத் தெரியவில்லை. ஆதலால் வீடு திரும்புவோர் கையில் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினர். இறையியல் நூல்களில் காண முடியாத அருட்பணி அது.

ஆனால் நிமிர்ந்த கையோடு சென்றவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டனர். முன்பு மடங்கிய கையைக் கண்டு பிச்சை இட்டவர்கள் இப்பொழுது இடவில்லை. நோயின் வடு உடலில் தெரிந்ததால் வேலை கொடுப்பாரும் இல்லை. அறுவை மருத்துவம் தீர்க்க இயலாதது எது என்பதை அம்முறையீடு காட்டிற்று. அதன் பின்னரே தச்சும் பிற கைத்தொழிலும் கற்பிக்கும் புது வாழ்வு நிலையம் வேலூரில் உருவாயிற்று. காரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷெஃப்ஃபலின் ஆய்வு நிலையம் ஊர்களுக்கே சென்று நோயாளரைக் கண்டு மருந்தளிக்கும் முறையை வளர்த்தது. விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்நோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார்.

மருத்துவம் இவ்வளவு முன்னேறிய பின்பு நடந்த ஒன்றைத் திருப்பணியாளர் சிறப்பாக அறிய வேண்டும். கிறிஸ்தவர் மணமுறிவுக்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததில்லை. கிறிஸ்தவப் பெண்களுக்கு நீதி வேண்டிப் பல்லாண்டு கேட்டுப் பெற்ற 2001-ஆம் ஆண்டுத் திருத்தமே, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான காரணங்களை வகுக்கையில், ‘கடுமையான, குணப்படுத்த இயலாத’ தொழுநோயையும் அவற்றுள் சேர்த்தது. கூட்டு மருந்து நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. குணப்படுத்த இயலாத தொழுநோய் என்று ஒன்று அப்பொழுது இல்லை. நன்மைக்கென வந்த திருத்தத்தில் அவ்வரி இருந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? பிற சமயத்தவரின் மணச் சட்டங்களில் முன்னரே இருந்த ஒரு பிரிவைப் படி எடுத்தனர் போலும். இச்சட்டம் நடைமுறையில் இருந்த பதினெட்டு ஆண்டுகளும் நம் ஆலயங்களில், உடல்நலத்திலும் நோயிலும் பிரியோம் என்ற உடன்படிக்கை மாறாமல் சொல்லப்பட்டு வந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீங்கியது. மணமுறிவுப் பிரிவு 2019-இல் ஐந்து சட்டங்களிலிருந்தும் ஒருசேர நீக்கப்பட்டது.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா 2005-இல் எட்டிற்று. அதனால் நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் சபைகளிலும் பரவியுள்ளது. 2022-இல் இந்நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஒரு லட்சத்துக்கு மேல். அது உலகக் கணக்கில் பாதியைக் கடந்தது. இவர்களையன்றி, பல்லாண்டுக்கு முன்பே குணமடைந்தும் ஊர் திரும்பாமல் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்புகளில் வாழ்வோர் உளர். அவர்கள் உடலில் கிருமி இல்லை. காலில் உணர்வும் இல்லை. புண் வராதிருக்க மென்ரப்பர்ச் செருப்பு வேண்டும். அது தேயும்போது மாற்றித் தரவும், உள்ளங்காலை நாள்தோறும் பார்த்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். கண் மங்கிய முதியோர் தம் உள்ளங்காலைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாது.