களஞ்சியமும் சுனையும்

செஞ்சிக் கோட்டைக்குள் நுழைவோரின் கண்ணில் முதலில் படுபவை கல்யாண மஹாலும், நவாப் சஅதத்துல்லா கான் காலத்தில் 1717-18ஆம் ஆண்டில் எழுந்த பள்ளிவாசலுமே. 1714இல் அதே நவாபின் படையுடன் பொருது மாண்ட தேசிங்கு ராஜனையும், அவன் உயிர்த்தோழன் மஹபத் கானையும் நாட்டுப்புறக் கதைப்பாட்டுகள் இன்றளவும் மறக்கவில்லை. மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் 2025ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆயினும், என் சிந்தையை நிறுத்தியவை வேறிரண்டு. ஒன்று, அடிவாரத்து நெற்களஞ்சியம். மற்றொன்று, இராஜகிரி மலையின் வற்றாச் சுனை.

ஔரங்கஜீப் ஆலம்கீரின் தளபதி சுல்ஃபிகார் கான் இக்கோட்டையை முற்றுகையிட்டது 1690இல்; அது வீழ்ந்தது 1698இல். முற்றுகை அத்தனை ஆண்டுகள் நீண்டமைக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், உள்ளிருப்போர்க்குச் சோறும் நீரும் இல்லாதிருந்தால் எம்மதிலும் அவர்களைக் காத்திராது. இவ்விரண்டினுள் ஒரு வேறுபாடு உண்டு. களஞ்சியத்தில் அள்ளியது குறையும். சுனையில் அள்ளியது மீண்டும் ஊறும்.

நம் தருமங்களும் இவ்விரு வகையினவே. ஜகாத் உரியவர் கையில் சென்று சேர வேண்டிய கடமை. அதனை முடக்கி வைக்க நமக்கு உரிமையில்லை. அது களஞ்சியத்து நெல். நான் பேசுவது, மனமுவந்து அளிக்கும் தருமத்தைப் பற்றி. அதனைச் சுனையாக்கும் வழியை மார்க்கம் நமக்கு என்றோ காட்டிவிட்டது.

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதனினும் சிறந்த பொருளைத் தாம் பெற்றதில்லை என்று கூறி, அதனை என் செய்வதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அடிப்பொருளை நிறுத்தி, விளைவைத் தருமமாக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுரிமையாகாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அதனைப் பராமரிப்பவர் முறையோடு அதிலிருந்து உண்ணலாம். தமக்கெனச் செல்வம் சேர்த்தலாகாது. 'வக்ஃபு' என்னும் அறபுச் சொல்லின் பொருளே 'நிறுத்துதல்' என்பதாம்.

நிலத்துக்குப் பொருந்திய இவ்விதி தொழிலுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு டில்லி ஹம்தர்த் சான்று. 1906இல் ஹகீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் அவர்கள் சிறியதொரு யூனானி மருந்தகமாக அதனைத் தொடங்கினார்கள். 1922இல் அவர்கள் மறைந்தபின், அவர்தம் துணைவியார் ராபிஆ பேகம் அதனைக் கட்டிக் காத்தார்கள். நோன்பு காலத்தில் நம் வீடுகளிலும் மணக்கும் ரூஹ் அஃப்ஸா சர்பத்து அந்நிறுவனத்தின் தயாரிப்பே. தழைத்த அத்தொழிலை 1948இல் மகனார் ஹகீம் அப்துல் ஹமீத் அவர்கள் வக்ஃபாக்கினார்கள். மருந்து விற்ற இலாபம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் சென்றது. அவ்வழி வளர்ந்த ஜாமியா ஹம்தர்த் 1989இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

வக்ஃபு என்னும் பெயரின்றியே இதனையொத்த நெறியில் நடப்பதொன்று நம் தமிழகத்திலும் உண்டு. அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இயன்றவர் செலுத்தும் கட்டணத்தின் மிச்சம், இயலாதவர்க்குப் பார்வை தந்தது. வெளிநாட்டு லென்ஸ் விலை மிகுந்திருந்ததால், 1992இல் அதனைத் தாமே செய்யும் தொழிற்சாலையும் கண்டனர். செஞ்சிக்கு அணித்தேயுள்ள புதுச்சேரியிலும் அதன் கிளை உண்டு.

சுனை தோண்டுதல் எளிது. தூர்ந்து போகாமல் காத்தலே அரிது. நான் முன்னர் ஓதிக்கொடுத்த ஒரு மத்ரஸாவுக்குக் கடைத்தெருவில் சொந்தக் கடைகள் இருந்தன. தந்தை காலத்து வாடகையையே மகனும் செலுத்திவந்தான். உயர்த்திக் கேட்க எவருக்கும் மனமில்லை. ஆண்டுதோறும் ரமழானில், நாங்களோ ரசீதுப் புத்தகத்துடன் ஊர் ஊராய் அலைந்தோம். வசூல் குறைந்த ஆண்டில் மாணவர்களின் காலையுணவு கஞ்சியாயிற்று. வக்ஃபு செய்தவர் வறியவரல்லர். அவர் விட்டுச்சென்ற சுனையை நாம்தாம் தூர்த்துவிட்டோம்.

ஆகவே, இத்தகைய தருமத் தொழிலைத் தொடங்குவோர் சிலவற்றை முதலிலேயே எழுதி வைத்தல் வேண்டும். முதலைத் தொடலாகாது. நடத்துபவருக்கு நியாயமான ஊதியம் உண்டு. அதற்குமேல் ஒரு காசும் இல்லை. இலாபத்தில் ஒரு பகுதி பழுது பார்க்கவும், நலிந்த ஆண்டைத் தாங்கவும் ஒதுக்கப்பட வேண்டும். கணக்கு ஆண்டுக்கொரு முறை ஜமாஅத்தின் முன் வாசிக்கப்பட வேண்டும். சரக்கும் சந்தையில் தன் தரத்தால் விலைபோக வேண்டும். இரக்கத்தால் வாங்குவோர் மறுமுறை வாரார்.

செஞ்சி வட்டாரம் நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. பத்துக் குடும்பங்கள் கூடி ஓர் எண்ணெய்ச் செக்கை நேர்மையாய் நடத்தி, அதன் இலாபத்தில் இரண்டு அநாதைப் பிள்ளைகளைப் படிக்கவைத்தாலும் அது ஒரு சுனைதான். முற்றுகைகள் காலந்தோறும் வரும். வறுமையும் ஒரு முற்றுகையே. அந்நாளில் நம் பிள்ளைகள் மலையேறிப் பார்க்கும்போது, அங்கே நீர் இருத்தல் வேண்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!