தேக்குக் காட்டிலிருந்து புலிகள் காப்பகம் வரை: திருப்பூர்ச் சமவெளியிலிருந்து ஆனைமலைப் பாதுகாப்பு வரலாற்றை நோக்கல்

ஆய்வுச் சுருக்கம்

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரலாறு பெரும்பாலும் காட்டழிவிலிருந்து காட்டுப் பாதுகாப்பை நோக்கிய நேர்க்கோட்டு வளர்ச்சியாகவே எடுத்துரைக்கப்படுகிறது. 1848 முதல் இன்றுவரையிலான சட்டங்களையும் நிர்வாக எல்லைகளையும் வரிசைப்படுத்தி நோக்கின், ஒவ்வொரு கட்டத்திலும் காட்டின் பயன் யாருக்கு உரியது என்னும் கேள்விக்கு அரசு அளித்த விடையே மாறி வந்துள்ளமை புலனாகிறது. இக்கட்டுரை அம்மாற்றத்தைத் திருப்பூர் மாவட்டச் சமவெளியின் கோணத்திலிருந்து ஆராய்கிறது. மலையின் நீரையும் குளிர்ச்சியையும் துய்க்கும் சமவெளிக்கும், அப்பாதுகாப்பின் சுமையைத் தாங்கும் மலைக்குடிகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு இதன் மையப்பொருளாகும்.

திறவுச்சொற்கள்: ஆனைமலை, புலிகள் காப்பகம், வன உரிமைச் சட்டம், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், மலைக்குடிகள், சூழல் சுற்றுலா.

முன்னுரை

அவிநாசியில் தொடங்கித் திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களினூடே வரும் தேசிய நெடுஞ்சாலை அவிநாசிபாளையத்தில் முடிகிறது. பொங்கலூரை அடுத்த இவ்வட்டாரம் மழைமறைவுச் சமவெளி. கிணற்றுப் பாசனத்தையும் கால்நடையையும் நம்பியிருந்த நிலம். அரை நூற்றாண்டாக விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் ஆள் அனுப்பும் ஊர்களைக் கொண்டது. இதற்குத் தெற்கே உடுமலைப்பேட்டையைக் கடந்ததும் ஆனைமலைத் தொடர் எழுகிறது. விடுமுறை நாள்களில் திருப்பூர்த் தொழிலாளர் குடும்பங்கள் திருமூர்த்திமலைக்கும் அமராவதி அணைக்கும் செல்வது வழக்கம். அவர்கள் செல்லும் அவ்விடங்களின் பின்னணியில் நிற்கும் காடு 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று. பின்னலாடையால் அறியப்படும் மாவட்டம் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியையும் உடையது என்பது போதிய கவனம் பெறவில்லை. ஆனைமலை குறித்த எழுத்துகள் டாப்சிலிப்பையும் வால்பாறையையும் சுற்றியே அமைந்துள்ளன. கிழக்குப் பகுதியாகிய உடுமலை, அமராவதி வனச்சரகங்களையும் சேர்த்து நோக்கும்போது இவ்வரலாறு வேறு வடிவம் கொள்கிறது.

நிலமும் குடிகளும்

ஆனைமலைக் காப்பகம் ஏறத்தாழ 340 மீட்டர் உயரத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் வரை பரந்துள்ளது. மேற்கில் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. கிழக்கில் அமராவதி, மஞ்சம்பட்டிப் பகுதிகள் முட்புதர்க் காடுகளைக் கொண்ட வறள்நிலங்கள். ஈரச்சோலையில் சிங்கவால் குரங்கும், உயர்புல்வெளியில் வரையாடும், வறண்ட ஆற்றங்கரையில் நரை அணிலும் வாழ்கின்றன. இத்தொடரில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்னும் ஆறு பழங்குடிகள் வாழ்கின்றனர். காலனிய இனவரைவியல் இவர்களை விரிவாகப் பதிவு செய்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் காடர் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. ஆயினும் அப்பதிவுகள் இவர்களை உடலமைப்பாலும் வழக்காறுகளாலும் விளக்கினவேயன்றி, காட்டின் மீது உரிமையுடையோராகக் கருதவில்லை. பின்னர் வந்த சட்டங்களிலும் இந்நோக்கு நெடுங்காலம் நீடித்தது.

தேக்கும் அரசும்

ஆனைமலைக் காட்டில் அரசின் முறையான தலையீடு தேக்கிலிருந்து தொடங்கியது. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்திற்குத் தேக்கு தேவைப்பட்டது. 1848இல் படை அதிகாரி மைக்கேல் இக்காடுகளில் மரவெட்டுப் பணிக்குப் பொறுப்பேற்றார். 1856இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரியவிட்டதனால் டாப்சிலிப் என்னும் பெயர் ஏற்பட்டது என்பது பரவலான வழக்கு.

மரத்தை இழுக்க யானை வேண்டும். 1873ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் காட்டு யானைகள் பாதுகாப்புச் சட்டத்தை இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தது இதற்கு ஓராண்டு முன்பாகும். அங்கு இயற்கைக் காட்சி காக்கப்பட்டது. இங்குக் காக்கப்பட்ட யானை அரசுக்கு உழைப்பாற்றலாகவும் இருந்தது. அவ்யானைகளைப் பிடித்துப் பழக்கிய அறிவு மலசர்களுடையது. கோழிகமுத்தி யானைகள் முகாமில் இன்றும் அவர்களே பாகன்களாகவும் காவடிகளாகவும் பணிபுரிகின்றனர்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடு என்னும் வகைமையை நிறுவியது. உரிமைகோருவோர் வன நிர்ணய அலுவலர் முன் தம் கோரிக்கையை நிறுவ வேண்டும் என்பது அதன் நடைமுறை. எழுத்தையும் எல்லைக்கல்லையும் சான்றாகக் கொண்ட அந்நடைமுறையில், இடம் மாற்றி வேளாண்மை செய்தும் தேனும் கிழங்கும் திரட்டியும் வாழ்ந்தோரின் உரிமை சலுகையாகச் சுருங்கியது.

இக்காலத்தின் முதன்மை ஆளுமையாக நினைவுகூரப்படுபவர் ஹியூகோ வுட். 1910களின் இடைப்பகுதியில் தென்கோயம்புத்தூர் வனக்கோட்டத்தில் பணியாற்றிய அவர், வரம்பற்ற மரவெட்டைக் கட்டுப்படுத்தித் தேக்கு மறுவளர்ப்பை முறைப்படுத்தினார். 1933இல் மறைந்த அவரது கல்லறை, டாப்சிலிப் அருகே அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே உள்ளது. தம் நினைவுச்சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் நோக்குக என்னும் பொருள்பட்ட இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவரது பணி போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் மீட்டது தேக்கு முதன்மை பெற்ற விளைகாடு; பல்லுயிர் மிகுந்த சோலைக்காட்டை மீட்பது அக்காலச் செயல்திட்டத்தின் நோக்கம் அன்று. இன்று 'தொன்மையான காடு' எனப் பயணிகள் காணும் டாப்சிலிப் நிலக்காட்சியின் ஒரு பகுதி மனிதக் கையால் நடப்பட்டதாகும்.

தோட்டங்களும் அணைகளும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வால்பாறை மேட்டுநிலம் தோட்டப் பயிருக்குத் திறக்கப்பட்டது. கார்வர் மார்ஷ் உள்ளிட்ட தோட்ட முதலாளிகளின் முயற்சியால் காப்பியும் பின்னர்த் தேயிலையும் மழைக்காட்டின் இடத்தைப் பிடித்தன. இன்று ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் தோட்டநிலம் காப்பகத்தின் நடுவே தீவுபோல் அமைந்துள்ளது. சமவெளியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களே யானைகளின் வலசைப் பாதையில் வாழ்கின்றனர்.

இரண்டாம் பெருமாற்றம் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளின் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பும் இத்திட்டத்தைக் குறித்த தமிழ்நாடு–கேரள உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் செயற்பட்டதாகக் கொள்ளப்பட்டது. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி ஆகிய அணைகள் ஒரே நீர்வலையாக இணைந்தன. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணை வரை காட்டின் அடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நீளத்திற்குக் காண்டூர் கால்வாய் செல்கிறது. ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு முறைவைத்து நீர் பெறுகிறது. பொங்கலூர், பல்லடம், காங்கேயம் வட்டார உழவர்கள் 'பி.ஏ.பி. தண்ணீர்' என வழங்குவது இதனையே. ஒரு மண்டலத்திற்கு நீர் விடப்பட்டபின் ஏனைய மண்டலங்களின் முறை முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவ்வூர்களில், ஆனைமலையில் பெய்யும் மழை உழவுக் கணக்கின் பகுதியாக உள்ளது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. 1976இல் சரணாலய எல்லை வரையப்பட்டபோது அந்நிலம் மனிதக் கை படாததாக இருக்கவில்லை. தேக்குத் தோட்டம், தேயிலைத் தோட்டம், அணை, சுரங்கம், சாலை ஆகியவற்றால் ஏற்கெனவே மாற்றியமைக்கப்பட்ட நிலத்தின் மீதே அக்கோடு வரையப்பட்டது.

சரணாலயமாதல்

தமிழ்நாட்டில் முதுமலை 1940இலேயே சரணாலயமாயிற்று. ஆனைமலை அத்தகுதி பெற்றது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர்தான். 958 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1976இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் 1987இல் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. 1989இல் கரியன்சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகியவற்றை உள்ளடக்கிய 117.10 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாயிற்று. கேரள எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளம் 1973இலும், இரவிகுளம் 1975இலும், சின்னார் 1984இலும் சரணாலயங்களாயின. இவற்றுள் இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இரு மாநில நிர்வாகங்களின் கீழ் ஒரே காடு தொடர்ந்தது. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலக மரபுரிமையாக ஏற்றபோது கரியன்சோலையும் புல்மலையும் அவற்றுள் இடம்பெற்றன.

இக்கட்டத்தில் காட்டின் பயன் பற்றிய வரையறை மாறியது. மரம் விளைபொருள் என்னும் நிலை நீங்கி, விலங்கு காக்கப்பட வேண்டியது என்னும் நிலை வந்தது. ஆனால் மலைக்குடிகளைப் பொறுத்தவரை முந்தைய நிலையும் பிந்தைய நிலையும் ஒன்றையே குறித்தன: தேன் எடுக்கவும் ஊருக்குப் பாதை அமைக்கவும் வனத்துறையின் இசைவு தேவை. மரவெட்டுக் காலத்தில் கூலியாகவாவது இடம் இருந்தது. சரணாலயக் காலத்தில் அவ்வேலையும் சுருங்கியது.

2007 திசம்பர்: ஒரே வாரத்தில் இரு சட்டங்கள்

2006ஆம் ஆண்டு இரு சட்ட நடவடிக்கைகள் நிறைவேறின. வன உயிரினச் சட்டத் திருத்தம் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தை நிறுவியது. வன உரிமைச் சட்டம் காட்டுவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைத் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டது. புலிகள் வாழிடத்தை மனித இடையூறற்றதாக்கும் முன் அங்குள்ளோரின் உரிமைகளை ஏற்பளிக்க வேண்டும் என்று திருத்தச் சட்டமும் கூறியது. எனவே கோட்பாட்டளவில் இரண்டும் முரண்பட்டவை அல்ல.

நடைமுறையில் கால வரிசை வேறாயிற்று. ஆனைமலையின் 958.59 சதுர கிலோமீட்டர் உள்மண்டலம் 2007 திசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 திசம்பர் 31ஆம் நாள். உரிமைகளை ஏற்பளிக்கும் செயல்முறை தொடங்குவதற்கு முன்பே எல்லை உறுதியாயிற்று. பின்னர்ச் சேர்க்கப்பட்ட 521.28 சதுர கிலோமீட்டர் வெளிமண்டலத்துடன் மொத்தப் பரப்பு 1,479.87 சதுர கிலோமீட்டரானது. இதற்கிடையே 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைச் சான்று வழங்கல் முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கும்வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்தன.

இக்கால இடைவெளியின் விளைவு வெறும் ஆவணச் சிக்கல் அன்று. 2019 ஆகஸ்டில் பெய்த கனமழையால் ஏற்பட்ட நிலச்சரிவில் வால்பாறை அருகே கல்லார்குடிக் காடர்கள் தம் குடியிருப்பை இழந்தனர். தெப்பக்குளமேட்டில் குடியேற அவர்கள் கோரியபோது, அவ்விடம் காப்பகத்திற்குள் இருந்தமை தடையாயிற்று. வன உரிமைச் சட்டத்தை முன்வைத்த தொடர் போராட்டத்திற்குப் பின்னரே அவர்களுக்கு அங்கு நிலவுரிமை கிட்டியது. காட்டின் தொல்குடி அக்காட்டிற்குள்ளேயே சிறிது தொலைவு இடம்பெயர அரசின் இசைவைப் பெற நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது.

பொழுதுபோக்கும் பாதையும்

2012 சூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலச் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகளுக்கு உட்பட்டுத் தடை நீங்கியது. உள்மண்டலத்தில் 20 விழுக்காட்டிற்கு மிகாத பரப்பைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாம் என்பது அந்நெறிமுறைகளுள் ஒன்று. டாப்சிலிப்பின் வாகன உலாவும் விடுதிகளும், அமராவதியின் முதலைப் பண்ணையும், திருமூர்த்திமலையின் பஞ்சலிங்க அருவியும் சமவெளி மக்களின் ஓய்வுக்கு உரியனவாக நிலைபெற்றுள்ளன. வாரம் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமரும் தொழிலாளிக்கு அத்தகைய ஓய்விடம் தேவை என்பதை மறுத்தற்கில்லை.

ஆனால் அதே திருமூர்த்திமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு முதலிய குடியிருப்புகள் உள்ளன. அங்கிருந்து நோயாளியையும் கருவுற்ற பெண்ணையும் தொட்டில் கட்டித் தூக்கி வருவது பலமுறை செய்தியாகியுள்ளது. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தைச் சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற 13 பொதுவசதிகளுக்குப் பயன்படுத்த வழிவகுக்கிறது. சட்டத்தில் இடம் இருந்தும் பாதைக்கான கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அருவிக்குச் செல்லும் வழியையும் குடியிருப்புக்குச் செல்லும் வழியையும் ஒப்பிட்டால், பாதுகாப்பின் பெயரால் யாருடைய நடமாட்டம் எளிதாக்கப்பட்டது, யாருடையது அரிதாக்கப்பட்டது என்பது தெளிவாகும்.

மாற்று அணுகுமுறைக்கும் இம்மலையிலேயே சான்று உண்டு. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் வால்பாறைத் தோட்டங்களினிடையே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறது. 2011 முதல் யானைகளின் நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் எச்சரிக்கை விளக்குகளாலும் தொழிலாளருக்கு அறிவிக்கும் முறை அங்குச் செயல்படுகிறது. மனிதரை வெளியேற்றாமலேயே உயிரிழப்பைக் குறைக்க முயலும் இம்முறை, சரணாலயம் என்பதற்கு 1976இல் கொள்ளப்பட்ட பொருளை விரிவாக்குகிறது.

முடிவுரை

ஆனைமலையின் பாதுகாப்பு வரலாற்றில் மூன்று கட்டங்கள் புலனாகின்றன. தேக்குக் கட்டத்தில் காடு அரசின் வருவாயாகவும், அணைக் கட்டத்தில் சமவெளியின் நீர்த்தேக்கமாகவும், சரணாலயக் கட்டத்தில் வன உயிரினங்களின் புகலிடமாகவும் நகரத்தாரின் ஓய்விடமாகவும் வரையறுக்கப்பட்டது. மூன்று வரையறைகளிலும் மலைக்குடிகள் காட்டின் உரிமையாளராகக் கருதப்படவில்லை. 2006ஆம் ஆண்டின் சட்டம் அந்நிலையை மாற்ற முனைந்தபோது, அதற்குச் சில நாள்கள் முன்னரே எல்லை வரையப்பட்டுவிட்டது.

திருப்பூர்ச் சமவெளி இவ்வரலாற்றிற்கு அயலான பார்வையாளர் அன்று. பி.ஏ.பி. வாய்க்காலில் வரும் நீரும் விடுமுறைநாள் அருவிக்குளியலும் அம்மலையின் பாதுகாப்பால் விளைந்த பயன்களே. எனவே குருமலைப் பாதையும் தெப்பக்குளமேட்டு நிலவுரிமையும் மலையின் உள்விவகாரங்களாக மட்டும் கருதத்தக்கவை அல்ல. நீரைப் பெறும் மாவட்டத்தின் பொறுப்பிலும் அவை அடங்கும். உடுமலை, அமராவதி வனச்சரகக் குடியிருப்புகளின் வாய்மொழி வரலாறுகளும், கிராம சபைத் தீர்மானங்களும், வன நிர்ணய ஆவணங்களும் ஒருங்கே தொகுக்கப்படுமாயின், இம்மாவட்டத்தின் வரலாறு தொழில்நகர வரலாற்றோடு நின்றுவிடாது மலைவரை விரிவடையும்.