ஜீவனாம்சம் கொடுக்க முன்வந்த மனைவி: 'தியாகபூமி'யின் நீதிமன்றக் காட்சி பற்றி ஒரு விசாரணை

'தியாகபூமி' படத்தில், தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுத்த கணவன் ஸ்ரீதரனிடம், உமாராணி என்ற பெயரில் பெருஞ்செல்வத்துக்கு உரியவளாகிவிட்ட சாவித்திரி, அவனோடு வாழச் சம்மதமில்லை, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்று சொல்லுகிற கட்டத்தை, நமது ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் நெடுங்காலமாக ஒரே விதமாக வியாக்கியானம் செய்து வந்திருக்கிறார்கள். அது நாடகச் சுவைக்காகச் செய்யப்பட்ட ஒரு தலைகீழ் மாற்றம்; கொட்டகையிலிருந்த பெண்களுக்குக் கணநேர ஆறுதல் தந்தது; முடிவில் அவள் செல்வத்தைத் துறந்து தேசத்துக்காகச் சிறை புகும்போது அந்த ஆறுதலும் தேசபக்தியில் கரைந்துபோகிறது என்பது அவர்கள் கட்சி. கதையின் முடிவை வைத்து அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜீவனாம்சம் என்ற அந்த ஒரு சொல்லை அவர்கள் சரியாக வாசிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள, படம் வெளிவந்த 1939-ஆம் ஆண்டில் அத்தகைய வழக்கு ஒன்றின் டிக்ரி எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, கணவன் வீட்டுக்குப் போக மறுக்கும் மனைவியைச் சிறையில் அடைக்கவும் இடமிருந்தது. 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. எஞ்சியது சொத்து ஜப்தி ஒன்றுதான். ஜப்தி செய்து குறித்த காலம் கடந்த பின்னும் அவள் இணங்காவிட்டால், சொத்தை விற்று, அதிலிருந்து வாதிக்கு நஷ்ட ஈடு கொடுக்கலாம். வழக்கில் வென்றவள் மனைவியானால் மட்டும், இணங்காத கணவன் அவளுக்குத் தவணை தவணையாகப் பணம் கட்ட வேண்டும் என்று கோர்ட்டார் உத்தரவிட வழி இருந்தது.

இதன் விளைவு என்ன? மாற்றுப் புடைவைக்கும் வழியில்லாத மனைவியின் மீது அந்த டிக்ரிக்கு ஒரு பலமும் கிடையாது. ஜப்தி செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை. சொத்துள்ள மனைவியையே அது தீண்ட முடியும். கதையும் அப்படியே நடக்கிறது. வரதட்சிணைக்காக மாமனாரை வருத்தி, கருவுற்ற மனைவியைக் கைவிட்ட ஸ்ரீதரனுக்கு, அவள் போக்கிடம் இல்லாமல் அலைந்து, பெற்ற குழந்தையை உறங்கிக்கொண்டிருந்த தன் தகப்பனார் சம்பு சாஸ்திரியின் அருகில் விட்டுச் சென்ற காலத்தில், கோர்ட்டின் ஞாபகம் வரவில்லை. அவள் உமாராணியான பிறகுதான் வருகிறது. அவன் நெஞ்சில் பச்சாத்தாபம் இருந்ததா, பணம் இருந்ததா என்பது இங்கே பிரசினையன்று; அவன் கையில் எடுத்த பரிகாரம் அவளுடைய பணத்தின் மீது மட்டுமே பாயக் கூடியது. ஆகவே, கூண்டில் நின்று அவள் ஜீவனாம்சம் என்று சொல்லும்போது, இது மனைவியைப் பற்றிய வழக்கன்று, அவள் பெட்டியைப் பற்றிய வழக்கு என்பதைச் சட்டத்தின் பாஷையிலேயே எடுத்துக் காட்டிவிடுகிறாள். ஜப்தியாக எடுக்கப்பட இருப்பதைத் தன் விருப்பத்தால் கொடுக்கப்படும் தொகையாக மாற்றி, கணவனுக்கென்று சட்டம் வகுத்திருந்த அந்தத் தவணைக் கடமையைத் தான் ஏற்றுக்கொள்கிறாள்.

கதையை எழுதிய கல்கி இந்த விதிகளைப் படித்துவிட்டுத்தான் எழுதினார் என்று நான் சாதிக்கவில்லை. சாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இத்தகைய வழக்கு எப்படி முடியும் என்பதைத் தேசம் அதற்கு ஐம்பது வருஷம் முன்பே பார்த்திருந்தது. பதினொரு வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாயின் மீது அவள் கணவன் 1884-இல் பம்பாய் ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்கில், 1887-இல், கணவன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பானது. சிறைக்குப் போகத் தயார் என்றாள் அவள். 1888-இல் கணவன் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டான். மனைவி தரப்பிலிருந்து கணவனுக்குப் பணம் சென்றது வெறும் கற்பனையன்று. அது நடந்த காரியம். அன்று திலகர் தம் பத்திரிகையில் ருக்மாபாயை எதிர்த்து எழுதினார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தேசியத்தின் ஒரு தலைமுறை எந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கியதோ, அவளுடைய வாக்கையே அடுத்த தலைமுறையின் தேசியப் படம் தன் கதாநாயகியின் வாயில் வைத்தது. பெண்ணுரிமையைத் தேசியம் விழுங்கிவிட்டது என்ற முடிவுக்கு இந்த ஒரு விஷயமே போதுமான தடை என்று கருதுகிறேன்.

காட்சி மக்களிடம் போய்ச் சேர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, சித்திரக்காரர் வரையும் படங்களுக்குப் பதிலாக, கே. சுப்பிரமணியம் எடுத்துவந்த படத்தின் புகைப்படங்களே அச்சாயின. வாரந்தோறும் கதையைப் படித்த குடும்பப் பெண்ணின் கண்முன் நின்ற சாவித்திரி, எஸ். டி. சுப்புலட்சுமி என்னும், ரத்தமும் சதையுமான ஒரு பெண். கோட்டோவியத்தில் வரும் பெண் பேசுவதைக் கதை என்று தள்ளிவிடலாம். புகைப்படத்தில் நிற்பவள் பேசுவதை அப்படித் தள்ளுவது எளிதன்று.

சர்க்கார் படத்தைத் தடை செய்தது தேசியத்துக்காகவே அன்றிப் பெண்ணுரிமைக்காக அன்று என்பார்கள். இருக்கலாம். ஆனால் தணிக்கைக்காரர் எதற்கு அஞ்சினார் என்பதைக் கொண்டு ஒரு காட்சியின் பொருளை நிர்ணயிக்க முடியாது. கல்கி புரட்சிக்காரர் அல்லர் என்ற ஆட்சேபத்துக்கும் இதே பதில்தான்.

1955-ஆம் ஆண்டு ஹிந்து விவாகச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு ஸ்ரீதரன் நாடிய இந்தப் பரிகாரத்தைக் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாக நிலைநிறுத்தியது. 1983-இல், ஒரு திரைப்பட நடிகையின் மீது அவர் கணவர் தொடுத்த வழக்கில், ஆந்திர உயர்நீதிமன்றத்தின் நீதிபதி சௌதரி அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். மறு வருஷமே வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. ஒன்பதாம் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இணங்காதவரின் சொத்தை ஜப்தி செய்யும் விதியும் இருக்கிறது.