பேட்டரி இல்லை, செயலி இல்லை: சோவியத் போர் விமானக் கடிகாரம் எப்படி ஓடுகிறது?

டெல்லி லோதி ரோட்டில் மௌசம் பவனைக் கடந்து போயிருப்பீங்க. அங்குள்ள வானிலைத் துறையும் விமானிகளும் பின்பற்றுவது ஒரே சர்வதேச நேரம் (யுடிசி). நம்ம கடிகாரத்தில் காலை 5.30 என்றால் அவர்களுக்கு 00.00. மிக்-21 விமானிக்கு நேரம் காட்டியது, கைச்சாவி கொடுத்து ஓடும் ஒரு கடிகாரம்தான்: ஏ.சி.எச்.எஸ்-1.

1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. அதன் பழைய கடிகாரம் இன்று சேகரிப்பாளர்களின் மேசையில். உங்க கைக்கும் வந்தால்?

ஒரே முகத்தில் மூன்று கடிகாரங்கள்

பெரிய முகப்பு: வழக்கமான நேரம்.
மேல் சிறு வட்டம்: புறப்பட்டதிலிருந்து கடந்த பறக்கும் நேரம். எரிபொருள் கணக்குக்கு இது முக்கியம்.
கீழ் சிறு வட்டம்: நிமிடம், நொடி காட்டும் ஸ்டாப்வாட்ச்.

ஸ்டாப்வாட்ச் எதற்கு? ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்துத்தான் இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 10 நொடி தவறினால், 2.5 கி.மீ. தள்ளி இருப்பீங்க!

எந்தக் குமிழ் எதற்கு?

இடது குமிழை இடஞ்சுழியாகத் திருப்பினால் சாவி ஏறும். வெளியே இழுத்துத் திருப்பினால் முள் நகரும். அழுத்தினால் மேல் வட்டம் வேலை செய்யும்: முதல் அழுத்தம் தொடக்கம், இரண்டாவது நிறுத்தம், மூன்றாவது பூஜ்யம். அங்குள்ள சிறு ஜன்னல் நிலையைச் சொல்லும்: சிவப்பு என்றால் ஓடுது, பாதி சிவப்பு பாதி வெள்ளை என்றால் நின்றிருக்கு, முழு வெள்ளை என்றால் பூஜ்யம்.

வலது குமிழை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச், இதே மூன்று படிகளில். அதை வலஞ்சுழியாகத் திருப்பினால் மொத்தக் கடிகாரமும் நின்றுவிடும். நொடி பிசகாமல் நேரம் வைக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால, சாவி கொடுத்தும் ஓடலையா? பழுது என்று முடிவு கட்டும் முன் வலது குமிழை இடஞ்சுழியாகத் திருப்பிப் பாருங்க.

பின்பக்க மின் இணைப்பு கடிகாரத்தை ஓட்ட அல்ல. உயரத்துக் குளிரில் எண்ணெய் உறையாமல் இருக்க, உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. வீட்டில் அது தேவையில்லை.

கவனம்: திறக்காதீங்க

இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய விமானக் கடிகாரங்கள் பலவற்றில் ரேடியம் பூச்சு பயன்படுத்தப்பட்டது. ஒளிரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். மங்கியது ஒளிரும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். உதிர்ந்த தூள் மூச்சிலோ உணவிலோ கலப்பதுதான் பெரிய ஆபத்து. எனவே கண்ணாடியைக் கழற்றாதீங்க, முள்ளைச் சுரண்டாதீங்க. வாங்கும் முன் கதிர்வீச்சுமானியால் சோதித்துத் தரச் சொல்லிக் கேளுங்க.