எழுதி வைத்தவர்களால் பிழைத்த பெயர்கள்

எங்கள் இளையரசனேந்தல் எந்த மாவட்டம் என்று வெளியூர் அன்பர்கள் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி ஜில்லா என்பதுதான் எங்கள் தலைமுறை எழுதிப் பழகிய முகவரி. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோதும் நாங்கள் நெல்லையிலேயே இருந்தோம். 2008-இல் எங்கள் பிர்காவைக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்த்துத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். ஊராட்சி நிர்வாகம் மட்டும் பழையபடி குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டது. 2019-இல் தென்காசி மாவட்டம் உருவானபோது அந்த ஒன்றியம் தென்காசிக்குப் போயிற்று. ஆக, பட்டா சிட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு இன்னொரு மாவட்டம் என்று ஆனது. பிர்காவின் 12 ஊராட்சிகளையும் கோவில்பட்டி ஒன்றியத்தில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷங்களாக எழுந்து வருவது உங்களுக்குத் தெரியும்.

மனு, கோப்பு, அரசாணை இவற்றோடு முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். எல்லைக்கோடு மாறினால் ஜனங்களுக்கு என்ன அலைச்சல் என்பது எனக்குப் புரியும். அதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் இன்னொரு நட்டம் உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் ‘நம் மாவட்டப் பெருமக்கள்’ என்று பட்டியல் போடுகிறார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் பிறந்தவர் இந்தப்பக்கப் பட்டியலில் வருவதில்லை. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற ஊர்ப் பிள்ளைகள் யாரை நம்மவர் என்று சொல்வது? அதனால் மாவட்டக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஊரை நடுவில் வைத்து முப்பது மைலுக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். அதற்குள் அகப்பட்டவர்களில் சிலரை இங்கே சொல்கிறேன்.

எட்டயபுரத்துப் பாரதியை இந்தப் பட்டியலில் தனியாகச் சேர்க்கவில்லை. அவரை அறியாதவர் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 1908-இல் அவர் அடைக்கலம் தேடிப் போன புதுச்சேரியில்தான் நான் படித்தேன். அப்பா அங்கே ஆலை வேலைக்குப் போனதால் எனக்குப் பிரெஞ்சு வழிப் பள்ளிப்படிப்பு வாய்த்தது. பிரெஞ்சுப் புரட்சியின் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற முழக்கத்தைத் தம் ‘இந்தியா’ பத்திரிகையின் முகப்பிலேயே போட்டவர் பாரதி. நாங்கள் அதே மூன்று சொற்களைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தோம்.

1. பூலித்தேவர்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த வீரர் வெர்சிஞ்செத்தோரிக்ஸ். ரோமாபுரியின் சீசரை எதிர்த்து நின்ற கோல் நாட்டுத் தலைவன். கி.மு. 52-இல் அலேசியாக் கோட்டை முற்றுகையில் பிடிபட்டு, சில வருஷம் சிறையில் கிடந்து, ரோமில் கொல்லப்பட்டவன். அவன் கதையை உலகம் அறியக் காரணம், வென்ற சீசரே தன் யுத்தக் குறிப்பில் எழுதி வைத்ததுதான்.

நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆர்க்காட்டு நவாபுக்காகக் கப்பம் வசூலிக்க 1755-இல் கம்பெனிப் படை தெற்கே வந்தபோது பணியாமல் நின்றவர் அவர். பக்கத்துப் பாளையக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு வருஷம் சமாளித்தார். கடைசியில் அவர் கோட்டைகளைப் பிடித்தவர் யூசுப்கான். அது நடந்தது 1761-இல். அதே ஆண்டு ஜனவரியில்தான் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஒரே வருஷத்தில் வடக்கே பிரெஞ்சுக்காரர் பலமும் தெற்கே பாளையக்காரர் பலமும் ஒடிந்தன. இதில் இன்னொரு விசித்திரம், பூலித்தேவரை வீழ்த்திய அதே யூசுப்கான் பிறகு கம்பெனியை எதிர்த்து, பிரெஞ்சுக்காரர் துணையோடு மதுரையில் நின்றார். உடன் இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764-இல் தூக்கிலிடப்பட்டார்.

பூலித்தேவரின் முடிவுக்கு ஆதாரப்பூர்வமான கணக்கு இல்லை. கைதியாகக் கொண்டுபோகும்போது சங்கரன்கோவில் கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டு உள்ளே போனவர் ஜோதியாய் மறைந்துவிட்டார் என்பது நம் பக்கத்துச் சொல்வழக்கு. எதிரிகள் எழுதிய கடிதங்களும், 1881-இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரமும், நம் ஜனங்களின் கதைப்பாடல்களும் சேர்ந்துதான் அவரை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

2. சுப்பராம தீட்சிதர்

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். ஆனால் 1835 தீபாவளியன்று அவர் உயிர் பிரிந்தது எட்டயபுரத்தில். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்துவான். சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

பெரியவரைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அவர் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காரரான சுப்பராம தீட்சிதரைப் பற்றி (1839–1906) நான் எழுத விரும்புகிறேன். காரணம், இவர் செய்தது எழுத்தர் வேலை. தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக மட்டும் வந்துகொண்டிருந்த கீர்த்தனைகளை, சுரமும் கமகக் குறிகளும் போட்டு, ராகத்துக்கு இலக்கணமும் சொல்லி, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரும் நூலாக 1904-இல் வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில், எட்டயபுரம் சமஸ்தான அச்சகத்திலேயே அச்சான நூல் அது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூறுக்கு மேல் அதில் இருக்கின்றன. நூல் வந்து இரண்டே வருஷத்தில் இவர் காலமானார். இன்னும் இரண்டு வருஷம் சோம்பியிருந்தால் எத்தனை கீர்த்தனைகள் அவரோடு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் மறைவுக்கு இளைஞர் பாரதி இரங்கல் பாடினார். ஓர் ஊர்ப் பெரியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

3. அண்ணாமலை ரெட்டியார்

கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும் வழியில் பாடிய சிந்துதான் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை மடத்தில் சில காலம் படித்தார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இவரை ஆதரித்தார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி கொண்டுபோனபோது வழிநடைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடப்பட்டவை அந்தச் சிந்துகள்.

அதுவரை காவடிப்பாட்டு என்றால் ஆடுபவன் காலுக்கு ஏற்ற சாதாரண மெட்டு. அதைப் படித்தவர்களும் தலையாட்டும் தமிழாக்கியவர் இவர். முப்பது வயதைக் காணாமலே 1891-இல் மறைந்தார். ஆனால் இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை பாதையில் நின்றால் அவர் மெட்டுக்களைக் கேட்கலாம். பாடுகிறவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

4. காருகுறிச்சி அருணாசலம்

பிறந்த ஊர் சேரன்மகாதேவி பக்கத்துக் காருகுறிச்சி. அது என் வட்டத்துக்கு வெளியே. ஆனால் அவர் குடியிருந்து வாழ்ந்த ஊர் கோவில்பட்டி என்பதால் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்குச் சரிக்குச் சரியாக ஆபேரி ராகத்தில் அவர் வாசித்த நாதஸ்வரத்தைக் கேட்காத தமிழன் இருக்க முடியாது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன் காருகுறிச்சியாருக்குத் தேதி இருக்கிறதா என்று பார்த்த வீடுகள் உண்டு என்று என் பெரியவர்கள் சொல்வார்கள். பந்தலுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு அழைப்பிதழ் தேவைப்படவில்லை.

1921-இல் பிறந்து 1964-இல் மறைந்தார். நாற்பத்து மூன்றுதான் வயது. கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. நேரில் கேட்டவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். இசைத்தட்டும் சினிமாச் சுருளும் இல்லாமல் போயிருந்தால் அந்த நாதமும் அவர்களோடு முடிந்திருக்கும்.

5. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும்

இந்த இருவரையும் பிரித்து எழுத எனக்கு மனமில்லை. இருவரும் இடைசெவல் கிராமத்தார். ஏறத்தாழ ஒரே வயது. பால்யம் முதல் சிநேகிதர்கள். விளாத்திகுளம் சாமிகளின் சங்கீதத்தில் இருவரும் ஊறினவர்கள்.

அழகிரிசாமி சிறிது காலம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். நம் சாதி அல்லவா என்று எனக்கு ஒரு பெருமை. குமாஸ்தா சாதியைச் சொல்கிறேன்! பிறகு சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1950-களில் மலேயாவில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் படித்துவிட்டு, தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாத பிள்ளையை மறக்க முடியாது. கதை எழுதியதோடு நிற்காமல், மேலே சொன்ன அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவரும் இவரே. 1970 ஜூலையில், நாற்பத்தாறு வயதில் காலமானார். அந்த வருஷத்துச் சாகித்திய அகாதெமி பரிசு ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கி.ரா. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட சம்சாரி. முப்பது வயதுக்கு மேல் எழுத வந்தார். நம் ஜனங்கள் வீட்டில் பேசுகிற பேச்சை அச்சில் ஏற்றினார். 1976-இல் ‘கோபல்ல கிராமம்’, அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி பரிசு. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். சிநேகிதர் அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து புத்தகமாக வரச் செய்தார். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியில் அமர்ந்தார். பள்ளிக்கூடத்தை முடிக்காதவருக்குப் பல்கலைக்கழகம் நாற்காலி போட்டது. நான் புதுச்சேரியிலிருந்து கரிசலுக்கு வந்தேன், அவர் கரிசலிலிருந்து புதுச்சேரிக்குப் போனார். 2021 மே 17-இல் அங்கேயே மறைந்தார். இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கோவில்பட்டியில் இப்போது அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

6. தீப்பெட்டி கொண்டுவந்தவர்கள்

கலையும் வீரமும் மட்டும் பெருமை அல்ல. மழை பொய்த்தால் பட்டினி என்றிருந்த வானம் பார்த்த பூமிக்குப் பிழைப்பு கொடுத்ததும் பெருமைதான். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். விவசாயத்துக்கு எதிரியான நம் வறண்ட காற்று, தீக்குச்சி காய்வதற்குத் தோதாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது.

நல்லதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்ல வேண்டும். விடியுமுன் வண்டி வந்து கிராமத்துப் பெண் குழந்தைகளை ஆலைக்கு அள்ளிக்கொண்டு போன காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் அந்தச் சிறுமிகள் கொண்டுவந்த காசில் எத்தனை வீடுகளில் உலை கொதித்தது! எத்தனை தம்பிகள் பள்ளிக்கூடம் போனார்கள்! 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் மெல்ல மெல்ல நிலைமை மாறியது. முதலாளிகள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. இந்தச் சிறுமிகளின் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவில்லை.

இத்தனை பேரையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. திறமையால் மட்டும் யாரும் நிலைக்கவில்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததால் நிலைத்தார்கள். முத்துசாமி தீட்சிதருக்கு ஒரு சுப்பராம தீட்சிதர், அண்ணாமலை ரெட்டியாருக்கு ஓர் அழகிரிசாமி, அழகிரிசாமிக்கு ஒரு கி.ரா. கிடைத்தார்கள். அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ! நம் ஊர் வில்லுப்பாட்டுக்காரர், கிணறு வெட்டியவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி இவர்களுக்கெல்லாம் யார் எழுதினார்கள்?

ஒன்றியம் எந்த மாவட்டத்துக்குப் போகும் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கட்டும். நம் வட்டத்துக்குள் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். என் வயதுள்ள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நீங்கள் அறிந்த ஒருவரைப் பற்றி, பெயர், ஊர், செய்த தொழில், செய்த நன்மை என்று நாலு வரி எழுதி, தேதி போட்டு, பேரப்பிள்ளை கையில் கொடுங்கள். தீப்பெட்டி ஒட்டிய அக்காவிலிருந்து ஆரம்பித்தாலும் சரிதான்.